அரை அங்குல இடம்

உறை கழலவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. அவள் தையற்காரி, அளவு தப்பாது. போன வாரம் பதினாலரை அங்குலம் இருந்த கணவனின் தொடை இன்று பதினாலுதான் என்றது டேப். கால் மெலிந்தால் உறை தொளதொளக்க வேண்டும். இதுவோ தோலைக் கவ்விப் பிடித்திருந்தது.

அவன் வேலை பார்த்த ஆலையில் பாய்லர் வெடித்து எட்டு மாதம். தீப்புண் ஆறியதும், தழும்பு தடிக்காமலிருக்கத் தொடை முதல் கணுக்கால் வரை இறுக்கமான உறை போடச் சொன்னார்கள். அவளே தைத்தாள். அதற்குள் கால் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிக்கொண்டிருந்தது. எத்தனை முட்டை, எவ்வளவு பால்! ஊட்டி ஊட்டி அவள் கை ஓய்ந்துவிட்டது.

"புண்ணு ஆறினது உடம்புக்கு இன்னும் தெரியலக்கா. தசையை எடுத்து எரிச்சுக்கிட்டே இருக்கும். ரெண்டு வருஷம்கூட ஆகலாம். விடாம நிக்க வைங்க," என்றாள் போன மாதம் உடற்பயிற்சி கொடுக்க வந்த பெண். உறைக்குள் விரலை விட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். "இடம் விட்டுத் தெச்சீங்களா? இதுல இடமே விடக்கூடாதே."

விட்டிருந்தாள். வளர்கிற பிள்ளைக்குத் தைப்பதுபோல அரை அங்குலம். சதை திரும்பி வரும் என்ற நப்பாசைதான்.

இன்று மதியமும் அவனைத் தூக்கி நிறுத்தினாள். மூன்று எண்ணுவதற்குள் முழங்கால் துவண்டது.

"முடியலம்மா," என்று படுத்துக்கொண்டான்.

அவன் தன் காலில் நின்றால் போதும், வேறெதுவும் வேண்டாம் அவளுக்கு. அழக்கூடத் தெம்பில்லை.

உறையை எப்படியோ உரித்தெடுத்துக் குளியலறையில் அலசினாள். சோப்பையும் மீறி, வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது முன்பெல்லாம் அவனிடம் அடிக்கும் அந்த வியர்வை வாசம் மூக்கில் ஏற, எத்தனை முறை பிழிந்தும் கனம் குறையாமல், குளிர்ந்த தண்ணீரிலும் சூடு தணியாமல் கிடந்தது அது. உறையின் தொடைப் பகுதியில் டேப்பைச் சுற்றினாள். இருபத்தொன்று. விபத்துக்கு முன் அவனுக்குப் பேன்ட் தைக்க எடுத்த அளவு.

கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தாள். ஒரு தையல். இரண்டு.

"ஐயோ! என் காலை என்னம்மா பண்றே?" அறையிலிருந்து அவன் அலறினான்.

அவன் அங்கே. அவள் இங்கே. நடுவில் சுவர்.

பிரிந்த இடத்தில் சிவப்பாக, நார்நாராக ஏதோ துடித்தது. கத்தரி நழுவியது. பின்வாங்கினாள். முதுகில் கதவு.

ஈரத் தரையில் உறையின் முழங்கால் மடங்கியது. ஊன்றியது.

எழுந்து நின்றது. துவளாமல்.