உள்பக்கத்துத் தூசி

சன்னல் துணியின் உள்பக்கம்தான் தூசி படிந்திருந்தது.

"நான் அடிச்ச துணியச் சும்மா விடத் தெரியாதா? கழட்டித் திருப்பி அடிச்சு வச்சிருக்கற," என்று செபாஸ்தியான் மனைவியிடம் எரிந்து விழுந்தான்.

"நான் அத தொடவே இல்லீங்க," என்றாள் லூர்துமேரி. பேசுவதற்குள் இரண்டுமுறை மூச்சு இழுத்தது.

கடலூரிலிருந்து செஞ்சித் தாலுகா ஆபீசுக்கு மாற்றலாகி வந்த நாள் முதல் அவனுக்கு இந்த ஊரே இளக்காரம். தை பிறந்ததும் மல்லாட்டைக் கடலை உடைக்கும் மில்லிலிருந்து செம்மண்ணும் தொலியுமாகப் பறந்து வந்து கூடத்தில் இறங்கும் தூசியை, அதைச் சுவாசித்தபடியே சிரித்துப் பேசும் சனங்களை, அவர்களைவிடக் கேவலமாக இருமும் மனைவியை, எல்லாரையும் ஒரே முகச்சுளிப்பில் ஒதுக்கினான். சன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டான், நாறியது. வெட்டிவேர் தட்டி வாங்கினான். மணந்தது, தூசியை உள்ளே விட்டுவிட்டது. கடைசியில் மல் துணியை மூன்று மடிப்பாகச் சட்டத்தில் அடித்தான். அவளுக்கு இழுப்பு கூடியதுதான் மிச்சம்.

"நீங்க ஆபீஸ் போய்ட்டா அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்குது சார்," என்றாள் பக்கத்து வீட்டுத் தைலம்மாள்.

"நீ எந்தக் காலேஜுல டாக்டருக்குப் படிச்ச?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை லூர்துமேரி பூசைக்குப் போனாள். மில் ஓடவில்லை. புதுத் துணி அடித்து, கதவைத் தாழிட்டு, எதிரே உட்கார்ந்தான். கோட்டைப் பக்கம் ஒரு பஸ் முனகிக்கொண்டு போய் ஓய்ந்தது. அதன்பின் அவன் மூச்சுச் சத்தம் மட்டும்.

துணி மங்கியது. அவன் வாய்க்கு நேராக ஒரு வட்டம். மில் தூசி சிவப்பு. இது சாம்பல் நிறம்.

நகர்ந்து உட்கார்ந்தான். வட்டமும் நகர்ந்தது.

முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து ஊதினான். ஆவி படியவில்லை. பொடி உதிர்ந்தது. மறுபடி ஊதினான். முகமே தெரியவில்லை.

கதவு தட்டும் சத்தம்.

"இன்னாங்க, தொறங்க. கோயில்ல இழுப்பே இல்ல. நடந்தே வந்துட்டேன்." அவள் குரல் தெளிவாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் கேட்காத குரல்.

போய்விடு என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் திறக்க வேண்டும்.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினான். மூக்கையும். நெஞ்சு முட்டியது. விரலிடுக்கில் சாம்பல் பொடி கசிந்தது. முழங்கையில் வழிந்தது. தரையில் விழுந்தது. விழுந்தது நிற்கவில்லை, காற்றே இல்லாத கூடத்தில் ஊர்ந்து, கதவின் அடி இடுக்கில் நுழைந்தது.

வெளியே அவள் இருமத் தொடங்கினாள்.