பின்னால் இடது மூலை

திருப்பூர் மாநகரப் பெருமக்களுக்கும், பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கும், இதர சகல ஜீவராசிகளுக்கும் இதனால் பணிவுடன் அறிவிப்பது என்னவென்றால்: ஏற்றுமதி ஆடைகளின் குவாலிட்டி கன்ட்ரோலர் திருவாளர் ராஜவேல் அவர்கள், பழைய கார் ஒன்றைப் பரிசோதித்து வாங்குவதற்காகத் தாமே நேரில் புறப்பட்டுவிட்டார்.

மெக்கானிக் உடன் செல்லவில்லை. "அந்த மெக்கானிக் முனீஸையாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்று மனைவி சத்யப்பிரியா படுத்தபடியே சொல்லிப் பார்த்தாள். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகிப் பலகைக் கட்டிலில் கிடக்கிறாள். வண்டியில் போனால் குலுங்கவே கூடாது, குலுங்கினால் கால் விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்வரத்தான் கார். அதனால் வண்டியில் எது ஓட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, ஷாக் அப்சார்பர் மட்டும் சுத்தமாக இருந்தாக வேண்டும்.

"சீமைக்காரனே எங்கையெழுத்தப் பாத்துத்தான் பனியன் போடறான். எனக்கு முனீஸ் வந்து சொல்லோணுமா?" என்று கேட்டுவிட்டு ராஜவேல் மொபெட்டை உதைத்தார்.

ராயபுரத்தில் சலாவுதீனின் பழைய கார்க் கொட்டகை. மழை மூட்டத்தில் மதியமே இருட்டிக் கிடந்தது. கரண்டும் இல்லை. தகரத்தில் எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில், சுவரோரம், ஒரு சின்ன வெள்ளைக் கார்.

பக்கத்தில் போனதும் வாடை. சாயப்பட்டறை வாய்க்காலில் பெருச்சாளி செத்து ஊறினால் ஒரு வாடை வருமே, அது. அதன்மேல் யாரோ ஊதுபத்தி வேறு கொளுத்தி வைத்திருந்தார்கள்.

"வண்டி நல்ல வண்டிதானுங்க," என்றார் சலாவுதீன். "ஆனா இதை விட்டுருங்க. வேற காட்டறனுங்க."

"ஏனுங்க?"

"பின்னால இடது மூலை. அதைத் தொட வேண்டாமுங்க. நானே தொடறதில்லைங்க."

ராஜவேல் புன்னகைத்தார். ஷாக் ஒழுகுகிறது, மறைக்கிறார். "குறைய மறைக்கறதெல்லாம் என்ற கிட்டயா, பாய்?"

பழைய காரில் ஷாக் பார்ப்பது பெரிய வித்தையல்ல. ஒவ்வொரு மூலையிலும் பலங்கொண்டமட்டும் அமுக்கிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். ஒரே தரம் எழுந்து அடங்கினால் நல்ல ஷாக். தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் போயே போயிற்று. செல்போன் வீடியோவில் பார்த்த இந்த ஞானத்தைத் தன் சொந்தக் கண்டுபிடிப்புபோல விளக்கிக்கொண்டே ராஜவேல் அமுக்கினார். முன்னால் இரண்டும் எழுந்து அடங்கின. பின்னால் வலதும் அப்படியே.

இடது மூலைக்கு வந்தார். இன்னும் கையை வைக்கவில்லை.

அது தானாகவே அமுங்கியது.

நல்ல பருமனான ஒருவர் பின்சீட்டில் ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. ராஜவேல் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். உள்ளே யாருமில்லை. சீட்டில் மட்டும் ஒரு குழி.

"ஸ்பிரிங்கு... வீக்குங்க," என்றார்.

"போயிரலாமுங்க," என்று கிசுகிசுத்தார் சலாவுதீன்.

வேறு ஆளாக இருந்தால் போயிருப்பான். 'குவாலிட்டி கன்ட்ரோலர்' என்று விசிட்டிங் கார்டு வைத்திருப்பவர் எப்படிப் போவது? ராஜவேல் குத்தவைத்து, சக்கரத்துக்கு மேலே கையை விட்டு ஷாக்கின் குழாயைத் தடவினார். உள்ளிருக்கும் எண்ணெய் ஒழுகினால் ஈரமாக இருக்கும்.

ஈரமாகத்தான் இருந்தது. கொழகொழவென்று. வெதுவெதுப்பாக.

விரலில் ஏதோ பிசிறு தட்டுப்பட்டது. பனியனில் நூல் பிசிறு தட்டுப்பட்டால் இழுக்கிற கை அது. இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது. நரைத்த முடி. ஆங்காங்கே மண்டைத்தோல் மாதிரி ஏதோ மெத்தென்று ஒட்டியிருந்தது.

அந்தப் பக்கமிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

ராஜவேல் பொத்தென்று தரையில் விழுந்தார். பாக்கெட்டிலிருந்த பனியன் துணியை எடுத்துக் கையை அழுத்தித் துடைத்தார். வெள்ளைத் துணியில் பழுப்பும் சிவப்புமாக ஒரு கறை.

செக்கிங் மேஜையில் இப்படிக் கறையைக் கண்டால் கேள்வி ஒன்றுதான்: மெஷின் எண்ணெயா, ஊசி குத்திய டெய்லரின் ரத்தமா? எச்சில் தொட்டுத் தேய்க்க வேண்டும். எண்ணெய் அசையாது. ரத்தம் கரையும். ஆயுசெல்லாம் செய்த பழக்கம், யோசனைக்குக் காத்திருக்கவில்லை. கட்டைவிரல் வாய்க்குப் போனது. நக்கி, கறையில் தேய்த்தார். எச்சில் போதவில்லை. மறுபடியும் நக்கினார்.

அதே விரலை.

கறை கரைந்தது.

நாக்கில் துரு. பிறகு அழுகல். அதற்கடியில், சொல்லவே கூசுகிறது, லேசான தித்திப்பு. துப்புவதற்குள் அது தொண்டையில் இறங்கத் தொடங்கிவிட்டது. வழுக்கிக்கொண்டு போகவில்லை. படியிறங்குகிற ஆள் மாதிரி, நின்று நின்று போனது.

காரின் இடது மூலை எழுந்து அடங்கியது. ஒரே தரம்.

சலாவுதீன் பின்னாலேயே நகர்ந்து வெளியே போய்விட்டார்.

வழியெல்லாம் மொபெட் பின்பக்கம் அழுந்தியே வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் ராஜவேல் வாஷ்பேசினுக்கு ஓடினார். உப்பு போட்டுக் கொப்பளித்தார். நாக்குக்கு அடியில் ஒரு முடி. பிடித்து இழுத்தார். வயிற்றுக்குள் எதுவோ அதனுடன் சேர்ந்து அசைந்தது.

உள்ளறையிலிருந்து சத்யப்பிரியாவின் குரல், மூச்சுப் பிடித்தாற்போல.

"ஏனுங்க. வந்ததும் வராததுமா எம்மேல உக்காந்தா எப்படீங்க? எந்திரிங்க, வலிக்குது."

ராஜவேல் வாஷ்பேசின் முன்னால்தான் நின்றிருந்தார். "நானில்லை" என்று சொல்ல வாயைத் திறந்தார். வாய் நிறைய முடி.

உள்ளே பலகைக் கட்டில் கிறீச்சிட்டு அமுங்கியது.

எழவில்லை.

அந்த வெள்ளைக் காரை மறுவாரம் மூலனூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போனார். வாங்குமுன் முனீஸ் நாலு மூலையையும் அமுக்கிப் பார்த்தான். ஷாக் அப்சார்பர் நாலும் நன்றாகத்தான் இருந்தன.