சித்தி கொண்டுவந்த ஊதாப்பூ

சித்தி வீட்டுக்குள் நுழைந்தபோது வாளித் தண்ணீரில் பாதி அவர் உடையில்தான் இருந்தது. பேருந்தில் வழி நெடுக அந்த வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

“வாண்டு, உங்க பள்ளிக்கூடத்துக் குளம் மொட்டையா இருக்குன்னு சொன்னியே. இந்தா!”

வாளியில் பச்சை இலைகள் மிதந்தன. நடுவில் ஓர் ஊதாப்பூ. வாண்டுவின் முகம் மலர்ந்தது. இலைக்காம்பைத் தொட்டதும் அந்த முகம் வாடிவிட்டது. காம்பு உப்பியிருந்தது, அமுக்கினால் பஞ்சு போல் அமுங்கியது.

ஆகாயத்தாமரை! அப்பா இயந்திரப் படகு ஓட்டி ஏரியில் அள்ளுவது இதைத்தான். வேறு தேசத்திலிருந்து யாரோ அழகுக்காகக் கொண்டுவந்த செடி, ஏரியையே மூடி மீன்களுக்கு மூச்சு முட்ட வைத்துவிட்டது. வாண்டுவின் வகுப்பு தோண்டிய குளமோ மிகச் சின்னது. இப்போதுதான் அதில் மீன் குஞ்சுகள் விட்டிருந்தார்கள்.

“ரொம்ப நன்றி சித்தி!” என்று கட்டிக்கொண்டாள். அது பொய்யில்லை.

சித்தி போனதும் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“ஐயோ, அவகிட்ட எப்படிச் சொல்றது? ஆசையா சுமந்துட்டு வந்தாளே!”

“நானே சொல்றேம்மா. முதல்ல இந்தச் செடிக்கு ஒரு வேலை இருக்கு.”

மறுநாள் செடியைக் கண்ணாடி ஜாடிக்குள் அடைத்து வகுப்புக்குக் கொண்டுபோனாள்.

“இதை எங்க பார்த்தாலும் பிடுங்காம விடாதீங்க. காம்பு தொப்பை வெச்சிருக்கும்.”

வகுப்பே சிரித்தது. கடைசி வரிசை நெட்டையன் மட்டும் சிரிக்கவில்லை.

“இந்தத் தொப்பை நம்ம குளத்து மூலையிலயும் இருக்கே!”

எல்லாரும் அடித்துப் பிடித்து ஓடினார்கள். வாய்க்கால் தண்ணீர் நுழையும் இடத்தில், புல்லுக்குப் பின்னால், குட்டிக் குட்டியாகச் சில செடிகள் ஒளிந்திருந்தன. வாண்டு வேர் அறாமல் மெல்லத் தூக்கினாள். வேரில் ஒரு மீன் குஞ்சு சிக்கியிருந்தது. தண்ணீரிலேயே அலசி அதை விடுவித்தாள். ஜாடிச் செடியையும் சேர்த்து எல்லாவற்றையும் தூர வெயிலில் காயப் போட்டார்கள். டீச்சர் வாய்க்கால் வாயில் வலை கட்டினார்.

மாலையில் வாண்டு சித்திக்கு போன் செய்தாள்.

“உங்க செடியாலதான் எங்க குளம் பிழைச்சுது சித்தி!”

“அடடே! குளத்துல விட்டாச்சா?”

“இல்ல, விடாததாலதான் பிழைச்சுது.”

நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“நீங்க கொண்டு வரலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. நிஜமா நன்றி சித்தி.”

“நல்ல வேளைடி, சொன்னே! என் தொட்டியிலயும் ஒண்ணு விட்டிருக்கேன். இப்பவே எடுத்துடறேன்,” என்று சித்தி சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை குளத்தைப் பார்க்க சித்தி வந்தார். வகுப்பே கரையில் காத்திருந்தது. வாண்டு அவர் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“இவங்கதான் எங்க சித்தி!” என்றாள் பெருமையாக.