வாசலில் கட்டிய கதிர்

வந்துவிட்டது!

யசோதினிக்கு மூச்சே நின்றுவிட்டது. பின்வளவு எலுமிச்சை மரத்தில்... கறுப்புத் தலை, செங்கல் நிற முதுகு, தடித்த சொண்டு. நெல்லுக்குருவி! வட்டை வயலில் நெல் முற்றும் நாட்களில் மட்டும் நாவற்குடாப் பக்கம் எட்டிப்பார்க்கும். கதிர் வெட்டி முடிந்தால் தேடினாலும் கிடைக்காது. கமராவை மெல்ல... மெல்ல உயர்த்தினாள்.

டமார்! டமார்!

குருவி பறந்தேபோனது. வேலிக்கு அப்பால் ஒருவன் தகரத்தைத் தடியால் விளாசிக்கொண்டு நின்றான்.

"உங்களுக்கென்ன விசரா?"

"என்ன புள்ள, தறப்பாள் விரிச்சு நெல்லுக் காயப்போட்டிருக்கன். குருவி தின்னட்டும் எண்டு விடவா?"

"ஒரு குருவி எவ்வளவு தின்னும்?"

"ஒண்டு வந்தா ஊரையே கூட்டிட்டு வரும். எங்கட படுவான்கரையில வந்து பாருங்க."

ஓ... வாவிக்கு அக்கரைக்காரன். பக்கத்து வீட்டு அக்காவின் தம்பி திவாகரன் நெல் காயவைக்க வந்திருப்பதாக அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. வெயிலில் கறுத்த முகம். ஆனால் அந்தக் கண்கள்... உதட்டுக்கு முன்பே அவை சிரித்துவிடுகின்றன. 'இவன் கண்ணை நான் ஏன் பார்க்கிறேன்?'

"புள்ள இல்ல. என்ட பேர் யசோதினி."

"நான் கேக்கவே இல்லையே..."

முகம் சிவக்க உள்ளே ஓடினாள். இனி அந்த வேலிப் பக்கமே திரும்புவதில்லை!

அதன்பிறகு தகரச் சத்தம் கேட்கவில்லை. அவன் "சூ... சூ..." என்று துண்டை வீசித்தான் விரட்டினான். அவளுக்காகவா? யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். குருவிதான் வரவில்லை.

"நெல்லுக் காஞ்சிட்டு. நாளைக்குப் போறன்," என்று ஒரு மாலை அவன் வேலியோரம் நின்று, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான். 'போகாதீங்க' என்பது அவள் நாவரை வந்தது. வீம்பு விடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடிய மழை தூறியது. முன்வாசலில் ஏதோ கீச்சொலி... எட்டிப் பார்த்தாள். வாசல் நிலையில் கட்டிய ஒரு பிடி புது நெற்கதிர்! அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெல்லுக்குருவிகள்... ஒன்றல்ல, ஒரு கூட்டமே! கமராவைத் தூக்கிப் படம் எடுத்தாள். எடுத்தேவிட்டாள்!

"வந்துட்டா?" வேலிக்கு மேலே அந்தக் கண்கள்.

"ஓம்! வந்துட்டு!" என்று துள்ளினாள். வீம்பாவது ஒன்றாவது!

அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்குப் போன அம்மா திரும்பினார். குருவிகள் கலைந்தன. கதிரைக் கண்டவர் குடையை மடக்கவும் மறந்தார்.

"இஞ்ச கதிர் கட்டினது யார்?"

திவாகரன் நனைந்தபடியே வாசலுக்கு வந்தான். "நான்தான் அம்மா..."

"வெட்டின முதல்கதிரச் சம்பந்தம் செய்யப்போற வீட்டு வாசல்லதானே தம்பி கட்டுறது? தெருவில போற சனமெல்லாம் பார்த்திட்டு. நாளைக்கு என்ட புள்ளயப் பத்தித்தானே கதைப்பாங்க? என்ன எண்ணத்தில கட்டினீங்க?"

அவன் தலை குனிந்தான். "குருவிக்குத்தான் அம்மா... பிழைதான். அவிழ்க்கிறன்."

யசோதினிக்குக் கண் கலங்கியது. வெறும் குருவிக்குத்தானா? வேறென்ன சொல்வான் என்று எதிர்பார்த்தாள், பைத்தியக்காரி!

முடிச்சில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"பொய் சொல்லிட்டன் அம்மா. குருவிக்கெண்டா வேலியில கட்டியிருப்பன். வாசல்ல கட்டினா என்ன அர்த்தம் எண்டு தெரிஞ்சுதான் கட்டினன். இவ ஏசின நாள்ல இருந்து எனக்கு நித்திரையே இல்ல... கேக்காமக் கட்டினதுதான் பிழை. இவ வேணாம் எண்டா இப்பவே அவிழ்த்துட்டுப் போறன்."

அம்மா மகளைப் பார்த்தார். மழை வலுத்தது. அவன் விரல்கள் முடிச்சிலேயே இருந்தன...

"கையை எடுங்க," என்றாள் யசோதினி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. நிமிர்ந்து, அந்தக் கண்களையே பார்த்து, இன்னொரு தடவை சொன்னாள்.

"அவிழ்க்காதீங்க... எனக்கும் பிடிச்சிருக்கு."