களிமண் ஷேரன்

“ஷேரன், சிலிப்பர் கிடைச்சிருச்சா?”

பள்ளி விட்டதும் வாசலில் சுகுமாரன் கேட்டான். அவன் பின்னால் நான்கு பேர் சிரித்தார்கள்.

ஷேரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் ஃபெரிப் படகில் ஏறும்போது அவளுடைய ஒரு சிலிப்பர் கடலில் விழுந்தது. இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்போது கூட இருந்தது சிந்தியா அத்தை மட்டும்தான்.

“யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. உங்க அத்தை பட்டறை ஜன்னல்ல நீயே நின்னு அழுறியே. போய்ப் பாரு லா!”

ஷேரன் ஓடினாள்.

சிந்தியா அத்தை களிமண்ணில் மனிதர்களைச் செய்பவர். நாசி கண்டார் சோறு வாங்க வரிசையில் நிற்பவர்கள், மோட்டார் சைக்கிளில் கொட்டாவி விடுபவர்கள் என்று தெருவில் பார்த்த எல்லாரும் அவர் அலமாரியில் ஒரு சாண் உயரத்தில் நிற்பார்கள். அப்பா அக்கரையில் இருக்கும் பிறை நகரில் வேலை முடிந்து வரும்வரை ஷேரன் அந்தப் பட்டறையில்தான் இருப்பாள்.

ஜன்னலோரம் ஒரு புதிய பொம்மை காய்ந்துகொண்டிருந்தது. வெறுங்கால். கையில் ஒற்றைச் சிலிப்பர். அகலத் திறந்த வாய். வெளியே இரண்டு சுற்றுலாப் பயணிகள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஷேரனின் காது சூடானது.

அத்தை பின்கட்டில் மண் பிசைந்துகொண்டிருந்தார். ஷேரன் பொம்மையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வாளியிடம் போனாள். சூளையில் சுட்டபிறகு களிமண் கரையாது. சுடாத மண் சீக்கிரம் கரைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் இந்த ஷேரன் வெறும் சேறு!

அப்போது பொம்மையின் முட்டியைப் பார்த்தாள். அவள் முட்டியில் இருக்கும் அதே சின்னத் தழும்பு. பத்து விரலுக்கும் நகம். இரண்டு வாரம் குனிந்து உட்கார்ந்து அத்தை இதைத்தான் செய்திருக்கிறார்.

ஷேரனால் போட முடியவில்லை. பொம்மையை மேசைமேல் வைத்துத் துணியால் மூடினாள். கோபத்தை மட்டும் மூட முடியவில்லை.

ஒரு பிடி மண்ணை எடுத்துப் பலகையில் ஓங்கி அடித்தாள். உருட்டினாள், கிள்ளினாள், குத்தினாள். கொஞ்ச நேரத்தில் ஓர் அத்தை வந்துவிட்டார். தலைமேல் கண்ணாடி இருக்க, “என் கண்ணாடி எங்கே?” என்று கத்துகிற அத்தை. போன செவ்வாய்க்கிழமை நடந்தது.

அதை ஜன்னலில் வைத்தாள்.

எதிர்க்கடை ஜாஹிர் அந்தப் பக்கம் வந்தார். ஜன்னலைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சிந்தியா! கண்ணாடி கிடைச்சிருச்சா?”

அத்தை மண் கையோடு ஓடி வந்தார். பொம்மையைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

“ஷேரன்! யாரைக் கேட்டு என்னைச் செஞ்ச?”

“நீங்க யாரைக் கேட்டு என்னைச் செஞ்சீங்க?”

“ரோட்டுல பாக்குறவங்களைச் செய்யுறதுதான் என் வேலை!”

“அவங்களை யாரும் பேரு சொல்லிக் கிண்டல் பண்ணல. என்னைப் பண்றாங்க. ஸ்கூல்ல அஞ்சு பேரு!”

அத்தை மேசைமேல் இருந்த துணியை விலக்கி, அழுகிற பொம்மையைப் பார்த்தார்.

“பிடிக்கலன்னா வாளியில போட்டிரு.”

“போடத்தான் போனேன். முட்டித் தழும்பைப் பாத்தேன். முடியல. ஆனா கோவம் இன்னும் போகல.”

அத்தை முக்காலியில் உட்கார்ந்தார்.

“கேட்டிருக்கணும்.”

“ஆமா.”

“இப்பக் கேக்குறேன். சூளையில வைக்கட்டா?”

ஷேரன் நன்றாக யோசித்தாள்.

“வைங்க. ஆனா ஜன்னல்ல வைக்கக்கூடாது. விக்கவும் கூடாது.”

“சரி.”

“உங்களையும் சூளையில வைக்கட்டா?”

அத்தை தன் பொம்மையை முறைத்தார். “எனக்கு மூக்கு இவ்வளவு பெருசா?”

“இன்னும் பெருசு. மண்ணு பத்தல.”

அத்தை ஒரு கம்பியை எடுத்தார். பொம்மையின் தலையைச் சரக்கென்று அறுத்தார்.

“அத்தை!”

“கத்தாதே. உள்ள கெட்டியா இருந்தா சூளையில வெடிச்சிரும். குடைஞ்சு எடுக்கணும்.”

முணுமுணுத்துக்கொண்டே தலையையும் உடலையும் குடைந்தார். பிறகு மண்குழம்பு தடவித் தலையைத் திரும்ப ஒட்டினார். மூக்கை மட்டும் தொடவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சூளையைத் திறந்தார்கள். ஷேரன் முதலில் எட்டிப் பார்த்தாள்.

சிலிப்பருக்காக ஒருத்தியும் கண்ணாடிக்காக ஒருத்தியும் எதிரெதிரே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இருவரும் வெடிக்கவில்லை.