பெயர் சொல்லி நிறுத்து

இருபத்திரண்டு வரிகள் இருக்கவேண்டிய இடத்தில் இருபத்து மூன்று வரிகள் இருந்தன.

கேதரின் திரையின் கண்ணாடியில் விரலை வைத்து மேலிருந்து கீழாக மறுபடியும் எண்ணினாள். திகாம் பத்து என்ற ஊருக்கு வெளியே ரப்பர் மரங்களை வெட்டிய நிலத்தில் எழும்பியிருந்த கையுறைத் தொழிற்சாலை அது. எந்த நேரத்தில் எந்தப் புரோகிராம் ஓடுகிறது என்று கண்காணிப்பது அவள் வேலை. ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் திரையில் ஒரு வரி. வெளியே பிற்பகல் மழை தகரக்கூரையை அறைந்துகொண்டிருந்தது. கதவிடுக்கு வழியே ரப்பர் பாலின் அம்மோனியா நெடி கசிந்து, ஏர்கோனின் குளிரோடு கலந்து, நாக்கின் அடியில் கசப்பாகத் தங்கியது. கடைசி வரியில் சின்ன எழுத்துகளில் ஒரு பெயர். இராசாத்தி. தொடங்கிய நேரம், மூன்று பத்து. தொடங்கியவர், கேதரின்.

அவள் எதையும் தொடங்கியிருக்கவில்லை.

இராசாத்தி என்று ஒருத்தி அங்கே வேலை செய்தாள். பாடாங் செராயிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். கேதரினுக்கு ஜன்னலோரத்தில் இடம் பிடித்து வைப்பாள். இறந்து மூன்று வாரம் ஆகிறது. கையுறைகளைச் சுட்டுக் காயவைக்கும் நாலாம் ஓவனுக்குள் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கதவு உண்டு. உதிர்ந்து கிடந்த ரப்பரைச் சுரண்டி எடுக்க அதன் வழியே உள்ளே போயிருந்தாள். அந்த நேரத்தில் ஓவனின் சூட்டு ரிப்போர்ட் அச்சாகாமல் சிக்கி நின்றது. "ஓவன் ஃபோர ஸ்டாப் பண்ணிட்டு மறுபடி ஓட்டும்மா" என்று சூப்பர்வைசர் மனோகரன் போனில் சொன்னார். கேதரின் பட்டியலைப் பார்த்தாள். ஓவன் ஃபோர் என்ற பெயரில் இரண்டு வரிகள். ஒன்று ரிப்போர்ட். மற்றது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

"சார், ரெண்டு இருக்கு."

"பேர அடிச்சி விடு லா. கப்பல் காத்துக்கிட்டு இருக்கு."

பெயரைச் சொல்லி நிறுத்தினால் அந்தப் பெயரில் ஓடுகிற எல்லாமே நின்றுபோகும். எது எந்த வேலையைப் பார்க்கிறது என்று கம்ப்யூட்டர் கேட்காது. அவள் அடித்தாள். இரண்டாவது வரி, கதவு திறந்திருக்கும்வரை சூட்டையும், கையுறை அச்சுகளை இழுத்துப்போகும் சங்கிலியையும் நிறுத்திப் பிடித்திருந்த காவல் புரோகிராம். சங்கிலி ஓடத் தொடங்கி, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டது.

உள்ளே போகுமுன் ஓவனைப் பூட்டி நிறுத்தும் சாவியை இராசாத்தி திருப்ப மறந்துவிட்டாள் என்று அறிக்கை எழுதினார்கள். கேதரின் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். நாலாம் ஓவனுக்குக் கரண்டை வெட்டி, கதவைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில், பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றவள், தன் முறை வருவதற்கு முன்பே வெளியேறி வந்துவிட்டாள்.

திரையில் அந்தப் பெயர் வந்த முதல் நாள், யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தாள். ஸ்டாப் என்று அடித்து, பக்கத்தில் பெயரை அடித்தாள். வரி மறைந்தது. மறுநாள் அதே மூன்று பத்துக்குத் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் மழை இல்லை. அதனால் கேட்டது. மேசைமேல் இருந்த இண்டர்காம் பெட்டியில், நாலாம் ஓவனின் விளக்கு மங்கலாக எரிய, தகரத்தை யாரோ கைமுட்டியால் தட்டும் ஓசை. அவசரமில்லாமல், கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதென்ற நம்பிக்கையோடு தட்டுவதுபோல. பெயரை அடித்தாள். எண்டரைத் தட்டினாள். வரி உடனே போகவில்லை. தட்டல் வேகமெடுத்தது. அப்புறம் குரல்.

"அக்கா, சூடா இருக்குக்கா. யாரு வெளிய? அக்கா..."

அரை நிமிடம் கழித்துத்தான் வரி மறைந்தது.

மனோகரனிடம் சொன்னாள். அவர் திரையைப் பார்த்தார், பெயரையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்த வரி ஓடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் திணறியது, மற்ற ஓவன்களின் சூடு ஏறி இறங்கியது, கையுறைகள் கொப்புளம் கொப்புளமாக வந்தன. அவருடைய கவலை அதுதான்.

"சாதாரணமா நிறுத்துனா அதுக்கு டைம் குடுக்கும்மா. எல்லாத்தயும் மூடிவச்சிட்டுத்தான் போவும். ஃபோர்ஸ் போடு. பட்டுனு அறுந்துரும்."

"சார், உள்ள அவ பேசுறா."

"வெறும் பேருதான் கேதரின். உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

ஃபோர்ஸ் போட்டாள். 'அக்கா' என்ற சொல் பாதியில், 'அக்' என்பதோடு அறுந்தது.

பிறகு தினமும் அதே வேலை. மூன்று பத்துக்கு வரி வரும். மூன்று பதினொன்றுக்கு அவள் கொல்வாள். ஏழாம் நாள் ஒரு கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டே மறுகையால் அடித்தாள். எண்டரைத் தட்டிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கழிவறைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். எட்டாம் நாள் குரல் அவளைக் கெஞ்சவில்லை. அவளுக்கு முந்திக்கொண்டு, மூச்சு வாங்க, வேகவேகமாகச் சொன்னது:

"இன்னிக்கும் அடிக்கப் போறீங்களாக்கா?"

இராசாத்திக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அவளுக்கு நினைவிருந்தது.

பத்தாம் நாள் கேதரின் அடிக்கவில்லை.

வரி மறையாமல் அப்படியே இருந்தது. மூன்று பன்னிரண்டு. மூன்று பதினைந்து. தட்டல் இண்டர்காமில் மட்டும் கேட்கவில்லை. சுவரில் கேட்டது, தரை வழியாக ஏறி நாற்காலியின் காலில் கேட்டது. ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் விசைப்பலகை கைக்குச் சூடாக இருந்தது. கருகிய ரப்பர் வாடை. அதற்கும் அடியில், முடி கருகும் வாடை. போன் அடித்தது. மனோகரனாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. எழுந்து வெளியே நடந்தாள்.

முதல் மூன்று வரிசைகளும் ஓடிக்கொண்டிருந்தன. பெண்கள் தலைநிமிராமல் சூட்டோடு கையுறைகளை உரித்துப் போட்டார்கள். அவர்களைத் தாண்டி, விளக்குகளை அணைத்துவிட்டிருந்த நாலாம் வரிசைக்குள் போனாள். அங்கே தூசு. நின்றுபோன சங்கிலி. கதவில் மூன்று சுற்றுக் கம்பி.

கதவு அதிர்ந்தது.

"இராசாத்தி."

தட்டல் நின்றது. உள்ளே யாரோ மூச்சை அடக்கிக் கேட்டார்கள்.

"நான்தான் புள்ள. அடிக்கல. இன்னிக்கு அடிக்கல."

கம்பியைப் பிரித்தாள். விரல் கிழிந்தது. இரத்தம் கம்பியில் வழுக்கியது. இரண்டாவது சுற்று. மூன்றாவது. கைப்பிடி உள்ளங்கையைச் சுட்டது, விடாமல் இழுத்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. அனல் முகத்தில் அடித்தது. உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து ஒரு கை வந்தது.

பிடித்துக்கொண்டாள். இரண்டு கைகளாலும். உயிருள்ள கை. ஈரமான, கனத்த, நடுங்குகிற கை. பின்னால் சாய்ந்து இழுத்தாள். முழங்கை வந்தது. தோள் வந்தது. சட்டைத் துணி தோலோடு ஒட்டியிருந்தது. தலைமுடி இருந்த இடம். பிறகு முகம் வெளிச்சத்தை நோக்கித் திரும்பத் தொடங்கியது. கன்னம். கண். அந்தக் கண் அவளைத் தேடிப் பிடித்தது. அழுதது. சிரித்ததோ என்னவோ.

"வந்துட்டீங்களாக்கா."

"வந்துட்டேன். வா. கால எடுத்து வை."

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"கேதரின், எங்கம்மா போன?" மனோகரனின் குரல். "லைன் எல்லாம் ஸ்லோ. பரவால்ல, நானே வந்து ஃபோர்ஸ் போட்டுட்டேன். சரியாயிருச்சி."

கனம் போய்விட்டது.

கேதரின் மல்லாந்து சிமெண்டுத் தரையில் விழுந்தாள். கதவு திறந்தபடி ஆடியது. உள்ளே அனல் இல்லை. யாரும் இல்லை. ஒரு மாதத் தூசியும் சிலந்தி வலையும், வலையில் ஒரு பூச்சியும். மற்ற வரிசைகள் பழைய வேகத்துக்குத் திரும்பின. சங்கிலிகளின் தாளம் சீரானது.

எழுந்து உட்கார்ந்து தன் கையைப் பார்த்தாள்.

இராசாத்தியின் கை இருந்தது. மணிக்கட்டுவரை. அதற்குமேல் நேர்க்கோடாக, காகிதத்தை வெட்டியதுபோல, ஒன்றுமில்லை. இரத்தமில்லை. ஐந்து விரல்கள் மட்டும் கேதரினின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்திருந்தன. வெதுவெதுப்பாக. அவள் அந்தக் கையின் கட்டைவிரலை நெம்பினாள். அசையவில்லை. தரையில் அடித்தாள். அசையவில்லை. தோளுக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருத்தியாக வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை.

கேதரினின் விரல்கள் நீலம் பூத்தன. மணிக்கட்டுக்குள் ஏதோ மெல்ல முறிந்தது.

பிடி இன்னும் இறுகியது.