நனையாத இடம்

கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் நடைவழி முழுவதும் ஈரமாக இருந்தது. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு இடங்கள் மட்டும் நனையவில்லை. காய்ந்துபோன இடங்கள் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். ஆனால் வெளியே மூன்று நாளாக விடாத மழை, ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது, கொடியில் போட்ட துண்டுகூட முடைநாற்றம் அடிக்கிறது. அந்த வீட்டில் எதுவும் ஐந்து நிமிடத்தில் காய்கிற நிலையில் இல்லை. குனிந்து பார்த்தான். இரண்டும் அருகருகே, நேராக, சுவரைப் பார்த்தபடி, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் இருந்தன. கட்டைவிரலை மடக்கிக்கொண்டு கையை மேலே வைத்துப் பார்த்தான், அளவெடுத்ததுபோல் பொருந்தியது. கையை எடுத்துப் பார்த்தபோது உள்ளங்கையில் நரநரவென்று தூசி ஒட்டியிருந்தது.

"அப்பா, ஆமை அங்க மட்டும் துடைக்கவே இல்ல," என்றாள் வாண்டு, சோபாவின் கைப்பிடியில் குதிரை ஏறியபடி.

வாண்டுக்கு ஐந்து வயது. வேறு பெயர் ஒன்று பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். மதியத்தோடு பள்ளி முடிந்துவிடும். அவள் அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடித்து ஐந்தரைக்கு வரும்வரை அவள் அப்பாவின் பொறுப்பு. இடது காலை உள்பக்கமாகச் சாய்த்து நடப்பாள். "கால நேரா வெச்சு நட" என்று அம்மா ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லாமல் இருந்ததில்லை. அப்பாவின் இரண்டு புறங்கால்களிலும் ஏறி நின்று, அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நட" என்று உத்தரவு போடுவது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. அவனும் மாடு மாதிரி வீட்டைச் சுற்றி வருவான்.

பிறர் கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தருவது அவன் தொழில். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் உரிமையே கைமாறிவிடும் என்று எல்லோரிடமும் சண்டை போடுவான். அலுவலகத்தில் அவனுக்குக் 'கமா' என்று பட்டப்பெயர். எழுதும் முன் பொருளைச் சில நாளாவது கண்முன் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் பிடிவாதம். அப்படித்தான் திங்கட்கிழமை அந்தத் தரை துடைக்கும் ரோபோ வீட்டுக்கு வந்தது. வட்டமாக, தாழ்வாக, முதுகில் ஒரு சிவப்புப் பொத்தானோடு மெதுவாக ஊர்ந்ததைப் பார்த்த உடனேயே வாண்டு அதற்கு ஆமை என்று பெயர் வைத்துவிட்டாள்.

அதில் இரண்டு கண்டுபிடிப்புகள் இருந்தன. ஒன்று, துடைக்கும் முறை: எதையும் தொடாமல், நாற்காலிக் காலோ மனிதர் காலோ, ஓர் அரிசிமணி இடைவெளி விட்டு அதன் ஓரத்தையொட்டித் துடைத்துவிடும். இன்னொன்று, வீட்டில் நடமாடுவதை எல்லாம் எண் கொடுத்துப் பின்தொடரும் முறை. டேப்லெட்டில் வீட்டின் வரைபடம் விரியும். அவன் ஒன்று. மனைவி இரண்டு. வாண்டு மூன்று.

அவன் டேப்லெட்டை எடுத்துப் பார்த்தான். வாஷிங் மெஷின் பக்கத்தில் நான்கு என்று ஒரு புள்ளி இருந்தது.

ரோபோவைச் செய்த பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தான்.

"மேடம், இப்ப வீட்ல இருக்கிறது நானும் பொண்ணும்தான். உங்க மெஷின் இன்னொருத்தரையும் காட்டுது."

"பூனை ஏதும் உள்ள வந்துடுச்சா, கமா சார்?"

"எல்லாம் சாத்தியிருக்கு. ஒருவேளை நாற்காலிக்கு எண் குடுத்திருக்குமோ?"

"நகருற பொருளுக்குத்தான் எண் வரும், சார். நகராததுக்கு வராது." அந்தப் பக்கம் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "இருங்க, நாளைக்கும் பாருங்க. இல்லாதத இருக்குன்னு காட்டினா நான் சரிபண்ணிடுவேன். ஆனா ஆள மாத்திக் காட்டாது. அதுல மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது."

"அப்படி எப்படி அடிச்சுச் சொல்றீங்க?"

"இது முகத்தையோ சட்டையையோ பாக்குறதில்ல, சார். நடந்தாலும் உக்காந்தாலும் தரைய ஒவ்வொருத்தரும் அழுத்துற விதத்த வெச்சுக் கண்டுபிடிக்குது. இரட்டப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி சட்ட போட்டு, ஒரே போர்வைக்குள்ள விட்டு, வெளிய வரச் சொன்னோம். தொள்ளாயிரம் தடவ. பெத்த அம்மாவே ரெண்டு தடவ மாத்திச் சொல்லிட்டாங்க. இது ஒரு தடவகூட மாத்தல."

அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றே விண்ணப்பத்தில் எழுதினான்: இரு பொருள்கள் ஒன்றையொன்று மறைத்துப் பின் பிரிந்தாலும், எந்நிலையிலும், அவற்றின் எண்கள் மாறுவதில்லை. 'எந்நிலையிலும்' என்ற சொல்லுக்கு இரு பக்கமும் காற்புள்ளி வைத்துவிட்டு, கொஞ்சம் பெருமையாகக்கூட அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ஆமை வழக்கம்போலக் கிளம்பியது. மழை வெளிச்சத்தில் கூடம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. விளக்கைப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரம். ர்ர்ர் என்று அது ஊரும் சத்தம், இடையிடையே துணி தரையில் ஒட்டிப் பிரியும் சின்னச் சத்தம், சோப்புத் திரவத்தின் எலுமிச்சை வாசனை, அதற்கு அடியில் எத்தனை நாளாகவோ அடைத்துக்கிடந்த அலமாரியைத் திறந்தால் வருகிற ஒரு வாடை. அந்த வாடை நேற்று இல்லை. மழைக்கு எல்லா வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இந்த முறை நனையாத இடங்கள் சோபாவுக்குப் பின்னால் இருந்தன. அகன்ற முனைகள் சுவர்ப்பக்கம் இல்லை. கூடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அவற்றுக்கு நேர் எதிரே, தரையில் குப்புறப் படுத்து, வாண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள்.

சிவப்புக் கலர் பென்சில் சோபாவுக்கு அடியில் உருண்டுவிட்டது. எழுந்து எடுக்கப் போனவள் அந்த இடத்துக்கு வந்ததும், தலையைக்கூட நிமிர்த்தாமல், சற்றே ஒதுங்கி, வளைந்து போனாள். கூட்டத்தில் நிற்கிற ஆளைச் சுற்றிக்கொண்டு போவதுபோல.

"ஏன்டா சுத்திப் போற?"

"ஆமையும் சுத்தித்தான போகுது," என்றாள். பென்சிலை எடுத்துக்கொண்டு மறுபடி குப்புறப் படுத்தாள்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னான். அவள் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்த களைப்பில் இருந்தாள். "நாலாவது ஆள் பாத்திரம் தேய்க்குமான்னு கேட்டுச் சொல்லுங்க," என்றாள். அவனும் சிரித்தான். சிரித்தாலும், தூங்கப் போகும்போது வாண்டைச் சுவரோரத்திலிருந்து தூக்கி இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் ரோபோவை ஓட்டவே வேண்டாம் என்று முடிவு செய்தான். காலையிலிருந்து அது மூலையில் சும்மா கிடந்தது. மாலையாக ஆக, அந்த முடிவு எவ்வளவு முட்டாள்தனமானது என்று புரிந்தது. ஓட்டாவிட்டால் நனையாத இடம் தெரியாது, உண்மைதான். ஆனால் ஓட்டாவிட்டால் அது எங்கே நிற்கிறது என்பதும் தெரியாது. வாண்டு கூடத்தில் இரண்டு நாற்காலிகளின் மேல் போர்வையைப் போர்த்தி, அடியில் புகுந்துகொண்டு வீடு கட்டியிருந்தாள். உள்ளேயிருந்து ஏதோ பாடுகிற சத்தம் கேட்டது.

அவன் சமையலறையிலிருந்து பாலை ஆற்றிக்கொண்டு வரும் வழியில், குனிந்து ஆமையின் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். பிறகு டேப்லெட்டைப் பார்த்தான்.

ஒன்று, நடைவழியில். அது அவன். மூன்று, போர்வைக்கு அடியில்.

நான்கு, போர்வைக்கு வெளியே. ஒரு முழத்தில்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அங்கே யாரும் இல்லை. போர்வையின் விளிம்பு மட்டும் லேசாக உயர்ந்து, தாழ்ந்தது. மின்விசிறி ஓடவில்லை.

"வாண்டு, வெளிய வா."

பாட்டு நின்றது.

"வாண்டு!"

புள்ளிகள் இரண்டும் ஒன்றாயின.

டம்ளர் கையிலிருந்து நழுவியது. உடைந்ததா என்று தெரியாது. ஓடினான். நாற்காலி சாய்ந்தது. போர்வையைப் பிடுங்கி எறிந்தான்.

வாண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அதே கனம். தலையில் அதே ஷாம்பு வாசனை. கன்னத்தில் சிவப்புக் கலர் பென்சில் கீறல். ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று முதுகைத் தட்டிக்கொடுத்தான். அவளுக்கா தனக்கா என்று தெரியவில்லை. சோபாவில் அவளை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். கீழே விழுந்து கிடந்த டேப்லெட்டை எடுத்தான்.

சோபாவில் ஒன்றும் நான்கும் இருந்தன. மூன்று, வாஷிங் மெஷின் பக்கத்தில் தனியாக நின்றது.

முதலில் அவனுக்கு வந்தது நிம்மதிதான். மாற்றிவிட்டது. கடைசியில் ஆளை மாற்றிக் காட்டிவிட்டது. அப்படியானால் இந்த மூன்று நாள் காட்டியதும் பழுதுதான். நாலு என்று யாருமே இல்லை. பொறியாளரிடம் சொன்னால் வருத்தப்படுவார், விண்ணப்பம் தள்ளிப்போகும், போகட்டும். தொலைபேசியைத் தேடினான். அதற்குள் ஆமை நடைவழிக்குள் திரும்பியது. வாஷிங் மெஷின் அருகில் போய் வேகம் குறைந்து, எதையோ சுற்றிச் சுற்றி, மிகக் கவனமாகத் துடைத்தது. பிறகு விலகிப் போனது.

ஈரத் தரையில் இரண்டு இடங்கள் நனையாமல் இருந்தன. சிறியவை. அவனைப் பார்த்துத் திரும்பியவை. வலது பக்கத்தது நேராக இல்லை, எதிரே நிற்பவரின் இடது கால் அது. உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவன் மெல்லத் தலையைத் திருப்பி, சோபாவிலிருந்து தொங்கும் கால்களைப் பார்த்தான். இரண்டும் நேராக இருந்தன. அளவுகோல் வைத்ததுபோல.

"அப்பா," என்றாள். வாண்டின் குரல்தான். "ஆமைய நிறுத்துங்கப்பா."

அவன் எழுந்தான். கூடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு, நடைவழியைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"வாண்டு."

டேப்லெட்டில் மூன்று நகர்ந்தது.

"இங்க வாடா. அப்பா இங்கதான் இருக்கேன்."

நின்றது. மறுபடி நகர்ந்தது. தயங்கித் தயங்கி. சாய்ந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு. ஒன்றுக்கு எதிரே வந்து நின்றது. பிறகு, ஒன்றின்மேல்.

புறங்கால்களில் கனம் ஏறியது.

குனிந்து பார்த்தான். தோல் இரண்டு இடத்தில் அமுங்கி, ரத்தம் ஒதுங்கி வெளுத்திருந்தது. ஐந்து சின்ன விரல்கள். ஐந்து சின்ன விரல்கள். இடது பாதம் உள்பக்கமாக. கால்சட்டைத் துணி முழங்காலுக்கு மேல் இரண்டு கொத்தாகச் சுருங்கிக்கொண்டது. அவள் நடுங்குவது அவன் கால் எலும்பு வரை தெரிந்தது.

"நட" என்று அவள் சொல்லியிருக்கலாம். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

சோபாவில் இருந்தது இறங்கியது. நேரான கால்களை நேராக வைத்து, ஈரத் தரையில் அவசரமே இல்லாமல் நடந்து, ஆமையிடம் போனது. குதிகாலால் சிவப்புப் பொத்தானை அழுத்தியது. ர்ர்ர் அடங்கியது. டேப்லெட்டில் வரைபடம் மங்கி, எண்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மூன்று கடைசியாக அணைந்தது.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அவன் காலை அசைக்கவில்லை. அசைத்து அவள் இறங்கிவிட்டால், பிறகு எங்கே என்று சொல்ல இந்த உலகத்தில் ஒன்றுமில்லை.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

"வாண்டு, அம்மா வந்துட்டேன்," என்று மனைவியின் குரல், குடையை உதறும் சத்தத்தோடு. அது கையை விரித்துக்கொண்டு ஓடியது. அவன் தடுக்கக் கையை நீட்டினான், காலை மட்டும் எடுக்கவில்லை.

"அட, என் தங்கம். இன்னைக்கு எவ்வளவு நேரா கால் வெச்சு ஓடி வர," என்று அவள் குனிந்து அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா? ஒருவழியா சொன்னத கேட்டுட்டா."

அவன் புறங்கால்களைப் பார்த்தான். வெளுத்த இடங்களில், குதிகால் பக்கம் மட்டும் மெல்ல ரத்தம் திரும்பிச் சிவந்துகொண்டிருந்தது. விரல்கள் முன்னைவிட ஆழமாக அழுந்தின. அம்மாவின் குரல் கேட்டு, எம்பி, நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தாள்.